வளைவில் நின்ற யமுனா

யமுனா லேப்பில் இருக்கிறாளா என்று பார்க்க நான் தலைகளை எண்ணியது உண்டு. எண்ணினால் ஒன்று குறையும். யமுனா எங்கே என்று எரிந்து விழுவேன். "இங்கதான் மேடம் இருக்கேன்" என்று என் தோளுக்குப் பக்கத்திலிருந்தே குரல் வரும். எனக்குத் தூக்கிவாரிப் போடும்.

நான் செல்வமேரி. திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரியின் எலெக்ட்ரானிக்ஸ் லேப்புக்குப் பொறுப்பாளர். கோபக்காரி என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ள நான் முயன்றதும் இல்லை. எங்கள் பிள்ளைகள் செய்த பந்தயக் காரைப் பற்றிப் பேச இன்றைக்கும் ஆள் இருக்கிறது. அதன் மூளையைப் பற்றி, அதற்குப் புரோகிராம் எழுதிய மாணவன் சித்தார்த்தன் ஒரு மணி நேரம் பேசுவான். யமுனாவைப் பற்றிப் பேசத்தான் யாரும் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

திருவெள்ளறையிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு அவள் வரும் பஸ்ஸில் கண்டக்டர் முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் டிக்கெட் கிழிப்பார். இவள் கையை நீட்டிக் கேட்டு வாங்க வேண்டும். வகுப்பில் உட்கார்ந்திருப்பாள், வருகைப் பதிவில் இல்லை என்று விழுந்திருக்கும். குரூப் போட்டோவில் யாருடைய முழங்கையாவது அவள் முகத்தை மறைக்கும். ஒருநாள் சாயங்காலம் வாட்ச்மேன் அவளை உள்ளே வைத்தே லேப்பைப் பூட்டிவிட்டார். டிபன் கேரியரை மறந்துவைத்துவிட்டு அதை எடுக்க நான் திரும்பி வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவைத் தட்டித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கத்தினேன். சத்தம் போட்டுப் பழக்கம் இல்லை என்றாள். அன்றைக்கு எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது.

அவள் வீட்டுக் கதையை ஒரு மத்தியானம், வயர்களைச் சால்டரிங் செய்து ஒட்டிக்கொண்டே, யார் வீட்டுக் கதையோ போலச் சொன்னாள். அவள் அம்மா வீரம்மாளுக்கு இவளுக்கு முன் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஊரே தூக்கிக் கொஞ்சிய பையன். நடக்க ஆரம்பித்த மாதமே காய்ச்சலில் போய்விட்டான். அடுத்தது பெண். ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் பட்டுப்பாவாடை கட்டி போட்டோ எடுத்தார்கள். போட்டோ கைக்கு வந்தபோது பிள்ளை இல்லை.

யமுனா பிறந்ததும் வீரம்மாள் அவளைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்தார். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றார். பிறகு, ஊரான் பிள்ளையை வளர்க்க வாங்குவதுபோல அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொண்டார். இதெல்லாம் நம் பக்கத்தில் நடப்பதுதான். இது யாரும் ஆசைப்படாத பிள்ளை என்று யமனை நம்பவைக்கச் செய்வது. பிள்ளை நான்கைந்து வயது தாண்டிவிட்டால் எல்லோரும் அதை மறந்துவிட்டுக் கொஞ்ச ஆரம்பித்துவிடுவார்கள். வீரம்மாள் மறக்கவில்லை. யமுனாவுக்குப் பூ வைத்ததில்லை, போட்டோ எடுக்க விட்டதில்லை. துணிக்கடையில் யாரும் சீந்தாத மண் நிறத்தில் தனக்குச் சேலை எடுப்பார். அது பழசானதும் மகளுக்குச் சுடிதார் ஆகும். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், மகள் பக்கத்தில் நிற்கும்போதே, ஒன்றும் தங்கவில்லை என்பார்.

யமுனா என்பது யமனின் தங்கை பெயர், தங்கையை அவன் தொடமாட்டான் என்று யாரோ சொல்லி வைத்த பெயர். அந்தப் பெயரையும் தாய் ஒருநாள்கூட வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்றுதான் கூப்பிடுவார்.

"கூப்பிட்டா அதுக்குக் கேட்டுடுமாம் மேடம்" என்றாள். சால்டரிங் முனையை ஸ்பாஞ்சில் துடைத்துவிட்டு, "ஒரே ஒரு தடவ எங்கம்மா வாயால என் பேரக் கேட்டுட்டா போதும். வேற ஒண்ணும் வேணாம்" என்று சேர்த்துக்கொண்டாள்.

எனக்கு அந்தத் தாயின்மேல் ஆத்திரமாக வந்தது. செத்த பிள்ளைகளுக்காக உயிரோடு இருக்கிற பிள்ளையை இப்படியா வைப்பது என்று நினைத்தேன்.

அந்த வருஷம்தான் கார் வந்தது. பழைய டிராயிங் ஹால் காலியாகக் கிடந்தது. அதில் வெள்ளை டேப் ஒட்டிப் பந்தயத் தடம் போட்டார்கள். கார் முழங்கை நீளம் இருக்கும். மேலே ஒரு சின்னக் கம்ப்யூட்டர், முன்னால் ஒரே ஒரு கேமரா. போட்டியில் யாரும் ரிமோட்டைத் தொடக் கூடாது, கார் தானாக ஓட வேண்டும். அதற்கு முதலில் மனிதர் ஓட்டிக் காட்டிப் பழக்க வேண்டும். மரக்கடைப் பகுதியிலிருந்து வரும் மாணவி அல்ஷிஃபாதான் ஓட்டினாள். அவள் கை அவ்வளவு சுத்தம். அவள் ஓட்ட ஓட்ட, கேமரா படம் எடுத்துக்கொண்டே போகும். இந்தப் படம் தெரிந்தபோது இவள் இடப்பக்கம் திருப்பினாள், அந்தப் படம் தெரிந்தபோது நேராக விட்டாள் என்று கம்ப்யூட்டர் படித்துக்கொள்ளும். படிக்கவைப்பது சித்தார்த்தன் வேலை. படத்தில் எதைப் பார்த்து அது படித்தது என்று மட்டும் நமக்குச் சொல்லாது என்றான். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தடத்தின் கடைசியில் ஒரு கொண்டை ஊசி வளைவு. கார் கவிழ்வது எப்போதும் அங்கேதான். கவிழ்ந்ததை நிமிர்த்த ஒருவர் வேண்டும். யார் என்று யாரும் பேசி முடிவு செய்யவில்லை. யமுனா போய் வளைவின் உட்புறத்தில் நின்றாள். வலது கையால் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்பாள். எத்தனையோ நாள் அப்படியே நின்றாள். அவள் அங்கே இருப்பதே எல்லோருக்கும் மறந்துபோனது.

கார் தானாக ஓட ஆரம்பித்தது. அழகாக ஓடியது. பிரின்சிபால் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை யமுனாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. அன்றைக்குக் கார் நேர்ப்பாதையில் பறந்து வந்து, வளைவில் திரும்பாமல் சுவரில் போய் மோதியது. மறுபடி விட்டார்கள், மறுபடி மோதியது. சித்தார்த்தன் வயரைப் பிடுங்கிப் பார்த்தான், புரோகிராமைப் பார்த்தான், பேட்டரியை மாற்றினான். எதிலும் குறை இல்லை. திங்கட்கிழமை யமுனா வந்து வழக்கமான இடத்தில் நின்றாள். கார் வழுக்கிக்கொண்டு திரும்பிப் போனது.

முதலில் கண்டுபிடித்தவள் அல்ஷிஃபா. யமுனாவைத் தடத்தை விட்டு வரச்சொல்லி, ஹாலின் மறுமூலையில், டேப்பே இல்லாத வெறும் தரையில் நிற்கவைத்தாள். காரை அந்தப் பக்கம் திருப்பி விட்டாள். நல்ல மத்தியானம். பெரிய ஜன்னல்கள் வழியாக வெயில் தரையெல்லாம் விழுந்துகிடந்தது. கார் நேராக யமுனாவிடம் போனது. வேகத்தைக் குறைத்தது. அவளை இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றியது. நிற்கவில்லை, இன்னொரு சுற்றும் வந்தது. கோயிலில் பிராகாரம் சுற்றுவதுபோல, ஆனால் இடமாக, அவளை அது சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் வேறு இடத்துக்கு நகர்ந்தாள். முன்சக்கரங்கள் மெல்ல அவள் பக்கம் திரும்பின, கார் அங்கேயும் போனது.

டேப் கோட்டைப் பார்த்துத் திரும்ப அது கற்கவில்லை. யமுனாவைப் பார்த்துத் திரும்பக் கற்றிருக்கிறது. சித்தார்த்தன் அதைச் சொல்லிவிட்டுக் காரை விட்டுத் தள்ளி நின்றான். அல்ஷிஃபா "யா அல்லாஹ்" என்று முனகிக்கொண்டே ஸ்டாப் பட்டனை அழுத்தினாள். என் கை தானாகக் கழுத்துச் சிலுவையைப் பிடித்தது. நான் அவ்வளவு பெரிய பக்திக்காரியும் இல்லை.

யமுனா மட்டும் பயப்படவில்லை. குனிந்து காரை எடுத்தாள், கேமராவைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இது என்னப் பாக்குது மேடம்" என்றாள்.

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அது எனக்குப் பிடிக்கவும் இல்லை. படங்களைக் காட்டச் சொல்லிச் சித்தார்த்தனிடம் கேட்டாள். கம்ப்யூட்டரில் வளைவில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்கள், எல்லாவற்றிலும் இடது ஓரத்தில் அவள். பிறந்ததிலிருந்து ஆசைக்கு ஒரு போட்டோ எடுத்திராத பெண் தன்னைத்தானே பார்த்துக்கொண்டு சாப்பாட்டு நேரம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

போய் அம்மாவிடம் சொல்லியும்விட்டாள். மறுநாள் வீரம்மாள் லேப் வாசலில் நின்றார். மண் நிறச் சேலை. வலது கையால் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றார். வெளிச்சம் முதுகுப்பக்கம் இருந்ததால், ஒரு நொடி நான் யமுனா என்றே நினைத்து ஏன் லேட் என்று கேட்டுவிட்டேன்.

உள்ளே வந்தவர் காரைத் தூரத்தில் நின்றே பார்த்தார். அதற்குக் கண் இருக்கிறதா என்று கேட்டார். கேமராவைக் காட்டினேன். எத்தனை தடவை பார்த்திருக்கிறது என்றார். எண்ணிச் சொல்ல முடியாது என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் படத்தையெல்லாம் அழிச்சிருங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். மூத்தது ரெண்டையும் அது பாத்துட்டுத்தான் எடுத்துக்குச்சு. இத இத்தன வருசம் ஒளிச்சு வெச்சிருந்தேன்."

பேய் பிசாசு என்று எதையும் நம்பாதவன் சித்தார்த்தன். அவனும் அழிக்கத்தான் வேண்டும் என்றான். அவன் காரணம் வேறு. ஆள் இல்லாமலும் கார் திரும்ப வேண்டும்; போட்டிக்கு நாள் நெருங்கிவிட்டது, முதலிலிருந்து ஓட்டிப் பழக்க நேரம் இல்லை. படங்களில் யமுனா நிற்கும் இடத்தைத் தரையின் நிறத்தால் பூசி மறைத்துவிட்டு, மறுபடி படிக்கவைக்கலாம் என்றான். தாயும் அவனும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். யமுனா யாரையும் பார்க்காமல், ஒரே ஒரு படத்தையாவது விட்டுவைக்கச் சொன்னாள். சித்தார்த்தன் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். எனக்கும் ஒன்றை விட்டுவைக்கலாம் என்றுதான் இருந்தது. ஆனால் புரோகிராம் என் கையில் இல்லை.

அழித்தான். ஒரு படம் விடாமல் அழித்தான். போட்டிக்கு முந்தைய நாள் காலையில் காரைத் தடத்தில் விட்டான். யமுனாவை வெளியே வராண்டாவில் நிற்கச் சொல்லியிருந்தோம். கார் நேர்ப்பாதையில் வந்தது. இந்தத் தடவை சுவரில் மோதவில்லை. வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து நின்றது. முன்சக்கரங்கள் இடப்பக்கம் திரும்பின, வலப்பக்கம் திரும்பின, மறுபடி இடப்பக்கம் திரும்பின. காணாமல் போனதைத் தேடுவது அப்படித்தான் இருக்கும்.

சித்தார்த்தன் ஒரு படத்தைப் பெரிதாக்கினான். பூசிய இடமும் பூசாத இடமும் சேரும் விளிம்பு லேசாகத் தெரிந்தது. தரையின் நிறத்திலேயே ஒரு பெண், முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகம் இல்லை, துணி இல்லை, உருவம் மட்டும் இருந்தது. கார் இப்போது அந்த உருவத்தைப் படித்து வைத்திருந்தது. ஆளை எடுத்தால் ஆள் நின்ற ஓட்டை மிஞ்சுகிறது என்று அவன் முணுமுணுத்தான். அவன் வேர்த்துப்போய் நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

வேறு வழி இல்லை, யமுனாவைக் கூப்பிட்டோம். அவள் போய் நின்றாள். கார் அவளைச் சுற்றிக்கொண்டு போனது.

போட்டி ஊருக்குள்ளேயே ஒரு பெரிய உள்ளரங்கத்தில் நடந்தது. தடமும் எங்கள் ஹாலில் போட்ட அதே வடிவம். கவிழும் காரை நிமிர்த்த ஒவ்வொரு குழுவும் வளைவில் ஒருவரை நிறுத்திக்கொள்ளலாம் என்பது விதி. எங்களுக்கு அதுவே போதும். மற்ற பிள்ளைகள் புது நீல பனியன் போட்டுக்கொண்டார்கள். யமுனாவின் பனியன் கவரிலேயே இருந்தது. காருக்கு அவளை மண் நிறத்தில்தான் தெரியும்.

வீரம்மாள் வந்திருந்தார். மகளைத் தடுக்கப் பார்த்திருக்கிறார், முடியவில்லை, அதனால் கூடவே வந்துவிட்டார். கூட்டத்தில் உட்கார மாட்டேன் என்று, நேர்ப்பாதை முடியும் திசையில், எதிர்ச்சுவர் ஓரமாக நின்றார். அங்கே வேறு யாரும் இல்லை. நானும் பக்கத்தில் போய் நின்றேன். மகளைப் பெருமையாகப் பார்க்கக்கூடத் தெரியாதா உங்களுக்கு என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாக்குறேம்மா. தூங்குறப்ப பாப்பேன்" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

எங்கள் கார் ஓடியது. முதல் சுற்றிலேயே கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மற்ற கார்கள் தட்டுத் தடுமாறிய வளைவில் எங்கள் கார் யமுனாவின் காலைத் தொடாமல் அவளைச் சுற்றித் திரும்பியது. இரண்டாம் சுற்றிலும் அப்படியே. அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் கார் திரும்புகிறது என்று எந்தப் பிள்ளையோ உளறியிருக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் எழுந்து வளைவுப் பக்கம் ஓடினார்கள், தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போனை நீட்டினார்கள். வாழ்நாளில் முதல்முறையாக அத்தனை பேர் யமுனாவைப் பார்த்தார்கள். பார்ப்பதற்காக நெருங்கி நெருங்கி அவளை மறைத்துவிட்டார்கள். நான் நின்ற இடத்திலிருந்து முதுகுகள்தான் தெரிந்தன.

கடைசிச் சுற்று. கார் நேர்ப்பாதையில் வந்தது. வளைவுக்கு முன்னால் நின்றது. முன்சக்கரங்கள் இடமும் வலமும் அசைந்தன. கார் தேடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற வீரம்மாளுக்கும் தெரிந்திருக்கிறது. அவருடைய பெண்ணைக் காரால் கண்டுபிடிக்க முடியவில்லை. இருபது வருஷமாக அவர் வேண்டிக்கொண்டதும் அதைத்தான்.

பிறகு சக்கரங்கள் நேராயின. கார் டேப்பைத் தாண்டியது. கயிற்றுக்கு அடியில் நுழைந்து, வெறும் தரையில் எங்களை நோக்கி வந்தது. அவசரமில்லாமல் வந்தது. சுவரோரம் மண் நிறச் சேலையில், முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் பாரத்தைப் போட்டு வீரம்மாள் நின்றிருந்தார். எனக்கு ஒரு அடி பின்னால் போகத்தான் முடிந்தது, அவர் கையைப் பிடித்து இழுக்கத் தோன்றவில்லை. அல்ஷிஃபா பட்டனைக் கையில் வைத்துக்கொண்டே அழுத்த மறந்து நின்றாள். கார் வேகத்தைக் குறைத்தது. வீரம்மாளைச் சுற்ற ஆரம்பித்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு யமுனா ஓடி வந்தாள். வீரம்மாள் அவளைப் பார்த்தார், கையை நீட்டி அங்கேயே நிற்கச் சொன்னார். பிறகு கார் போட்ட வட்டத்துக்கு நடுவில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். கார் முன்னால் வந்தபோது, கேமராவுக்கு நேராக முகத்தைக் கொடுத்தார்.

"நான்தான் யமுனா" என்றார். "நல்லாப் பாத்துக்க. யமுனாங்கிறது நான்தான். வேற யாரும் இல்ல."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அரங்கத்தில் எல்லோருக்கும் கேட்டது. இரண்டடி தள்ளி நின்ற மகளுக்கும் கேட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள். கார் இன்னும் ஒரு சுற்று வந்தது, அவர் முகத்துக்கு எதிரே வந்து நின்றது. அல்ஷிஃபா அழுத்தியதால் நின்றது என்று சித்தார்த்தன் சொல்கிறான். அல்ஷிஃபாவுக்கு அழுத்திய ஞாபகம் இல்லை.

போட்டியில் தோற்றோம். கார் இப்போது என் லேப் அலமாரியில், பேட்டரி இல்லாமல் இருக்கிறது. முன்சக்கரங்களை நேராக்கி வைப்பேன், மறுபடி பார்த்தால் வாசல் பக்கம் திரும்பியிருக்கும். பேருக்குத்தான் அலமாரி, ஆடிக்கொண்டே இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

யமுனா படிப்பை முடித்துக் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டாள். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தாள், வீட்டுக்கு வரச்சொன்னாள். நானும் திருவெள்ளறைக்குப் போனேன். நல்ல வெயில் நேரம். வாசலில் நின்று, "யமுனா" என்று கூப்பிட்டேன்.

"தோ வரேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவசரமாக வெளியே வந்தவர் வீரம்மாள். நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்று, என் முகத்தைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் தெருவில் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாங்கம்மா என்றார். இப்போதெல்லாம் யார் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் இவர்தான் முதலில் வந்து நிற்பாராம்.

அவர் தோளுக்குப் பின்னால், பாதி மறைந்து, யமுனா நின்றிருந்தாள். நான் கூப்பிட்டது இவளை என்று சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் மேடம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.